மகளின் வாட்டர் போலோ வருடங்கள்: செலவு, தலைக்காயம், கல்லூரித் தேடல்

பிள்ளைக்கு நீச்சல் நன்றாக வருகிறது, கோச் வாட்டர் போலோவில் சேர்க்கச் சொல்கிறார், சேர்க்கலாமா என்று கலிபோர்னியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதி விஷயம் விட்டுப்போய்விடுகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் மகள் பத்து வயதில் ஆரம்பித்து ஹைஸ்கூல் முடியும்வரை ஆடினாள், பெரும்பாலும் கோல்கீப்பராக. அந்த வருடங்களில் எங்களுக்கு வழி சொல்ல ஒருத்தரும் இல்லை. டென்னிஸ் என்றால் எந்த அகாடமி, எந்த ரேங்கிங் என்று சொல்ல நம்மவர்களில் நாலு பேர் இருக்கிறார்கள். வாட்டர் போலோவுக்கு நாங்கள் இருக்கும், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள ஈஸ்ட் பே பக்கம் எனக்குத் தெரிந்து ஒரு தமிழ்க் குடும்பமும் இல்லை. மதுரையில் இருக்கும் என் மாமியாருக்கு ஒரு ஆட்டத்தின் வீடியோ அனுப்பினேன். "ஏம்மா, பிள்ளையைத் தண்ணிக்குள்ள அமுக்குறாங்களே, யாரும் கேக்க மாட்டாங்களா?" என்று பதறிப்போனார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செலவு, காயம் இரண்டுமே இந்த ஆட்டம் ஆடப்படும் விதத்திலிருந்துதான் வருகின்றன. நீச்சல் குளத்தில் நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம் இது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். கால் தரையில் எட்டாத ஆழம். நிற்பதுபோலத் தெரிகிறவர்கள் எல்லாரும் தண்ணீருக்குள் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எக்பீட்டர் என்று இதற்குப் பெயர். பந்து வரும்போது கோல்கீப்பர் இடுப்புவரை மேலே எழும்புவதும் இந்தக் கால் பலத்தில்தான். கோல் 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 90 சென்டிமீட்டர் உயரம். நடுவர் மேலே பார்க்கிறார், பாதிச் சண்டை கீழே நடக்கிறது. உடையைப் பிடித்து இழுப்பார்கள், முழங்காலால் இடிப்பார்கள். அதனால்தான் பெண்கள் முதுகில் ஜிப் வைத்த, உடம்போடு ஒட்டிய தடித்த நீச்சலுடை போடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொருவர் கையையும் நீட்டச் சொல்லி நகத்தைத் தடவிப் பார்ப்பார். கொஞ்சம் வளர்ந்திருந்தாலும் வெட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். என் காரில் எப்போதும் நகவெட்டி இருக்கும், அணியில் பாதிப் பேர் அதைத்தான் வாங்கிப் போவார்கள். நீச்சல் கண்ணாடி போட அனுமதி இல்லை, கண் சிவந்துதான் வீட்டுக்கு வருவாள். குளோரின் முடியை வைக்கோல்போல ஆக்கிவிடும். இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக் கட்டிவிடுவேன். இதைப் பார்த்து அணியின் மற்ற அம்மாக்களும் எண்ணெய் வாங்க ஆரம்பித்தார்கள்.

ஈஸ்ட் பேயில் எங்கள் பகுதியில் இந்த ஆட்டத்துக்கு ஒரு தனி மவுசு உண்டு. மேகி ஸ்டெஃபன்ஸ் பக்கத்து ஊரான டான்வில்லில் வளர்ந்தவர். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து பெர்க்லியில் ஆடியவர் அவருடைய அப்பா. 2012 லண்டன், 2016 ரியோ, 2021-ல் நடந்த டோக்கியோ, மூன்று ஒலிம்பிக்கிலும் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள், மூன்றிலும் அவர் இருந்தார். இந்தப் பக்கம் எந்த பூலுக்குப் போனாலும் சின்னப் பெண்கள் அவர் பெயரைச் சொல்வார்கள். என் மகளுக்கு ஆதர்சம் ஆஷ்லி ஜான்சன். அமெரிக்கப் பெண்கள் ஒலிம்பிக் வாட்டர் போலோ அணியில் இடம்பிடித்த முதல் கறுப்பினப் பெண், கோல்கீப்பர், மயாமியில் வளர்ந்து பிரின்ஸ்டனில் படித்தவர். அணியில் தான் மட்டும் வேறு நிறமாக இருப்பது எப்படி இருக்கும் என்று என் மகளுக்கு நன்றாகத் தெரியும். அவள் மேசைக்கு மேலே ஜான்சன் இரண்டு கைகளையும் விரித்து எழும்பும் படம் வருடக்கணக்கில் ஒட்டியிருந்தது. எனக்குப் பிடித்தவர் பிரெண்டா வில்லா. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் காமர்ஸ் என்ற சின்ன ஊர், மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோர், ஊர் நகராட்சி நடத்திய பூலில் கற்றுக்கொண்ட ஆட்டம். ஐந்தடி நாலங்குல உயரத்தில் நான்கு ஒலிம்பிக், நான்கிலும் பதக்கம், கடைசியில் தங்கம். உயரம் இல்லையே என்று கவலைப்படும் நம் பிள்ளைகளுக்கு இவரைத்தான் சொல்வேன்.

இவர்களைப் பார்த்துத்தான் எல்லாக் குடும்பமும் உள்ளே வருகிறது. அப்புறம் பணம் போக ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வருடம் பெரிதாகத் தெரியாது. கிளப் கட்டணம் மாதம் 150 டாலர்போல இருந்தது. ஹைஸ்கூல் வந்ததும் அது 250-ஐத் தாண்டியது. அதற்கு மேல் தேசிய வாட்டர் போலோ சங்கத்தின் ஆண்டு உறுப்பினர் கட்டணம், ஒலிம்பிக் டெவலப்மென்ட் ப்ரோகிராம் என்ற தேர்வு முகாம்களுக்குத் தனிக் கட்டணம், ஒவ்வொரு டோர்னமென்டுக்கும் அணிப் பங்கு, கோச்சின் ஹோட்டல் செலவில் பங்கு, கோல்கீப்பர் என்பதால் தனிப் பயிற்சிக்கு மணிக்கு 80 டாலர். இத்தனையும் சேர்த்ததைவிடப் பயணம் அதிகம் தின்றது. முக்கியமான டோர்னமென்ட் பெரும்பாலும் தெற்கே ஆரஞ்சு கவுன்ட்டியில். அட்டவணை அந்த வாரம் புதன், வியாழன்தான் வெளியாகும். காலை ஏழு மணி ஆட்டம் என்றால் முதல் நாள் இரவே போய்த் தங்க வேண்டும். சில டோர்னமென்டில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள், வெளியே 140 டாலருக்குக் கிடைக்கும் அறை அங்கே 230. ஹைஸ்கூலின் நான்கு வருடத்தில் எங்கள் கையிலிருந்து போனது 35,000 டாலரை நெருங்கியது. இரண்டு சம்பளம் வரும் வீடு, அதனால் தாங்கியது. ஆனாலும் அந்த வருடங்களில் ஊருக்குப் போவதை இரண்டு முறை தள்ளிப்போட்டோம். என் அப்பா அப்போது உடம்பு முடியாமல் இருந்தார். அது இன்னும் மனசில் கிடக்கிறது.

ஆகவே செலவு பற்றி முதலில் சொல்ல வேண்டியது இது. கிளப்பில் சேரும்போது மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டால் போதாது. போன வருடம் இந்த வயது அணியில் இருந்த ஒரு குடும்பம் மொத்தம் எவ்வளவு செலவழித்தது என்று ஒரு பெற்றோரைப் பிடித்துக் கேளுங்கள். மனம் திறந்து சொல்வார்கள். பண உதவி கொடுக்கும் கிளப்கள் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். நடுவில் நின்றால் ஆண்டுக் கட்டணம் திரும்பி வருமா, காயம்பட்டு ஆட முடியாமல் போனால் நிறுத்தி வைக்கலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். என் மகள் அடிபட்டுப் படுத்திருந்த மாதங்களுக்கும் கட்டணம் போய்க்கொண்டே இருந்தது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அடுத்தது கல்லூரித் தேடல். இதில்தான் ஆள் ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புவார்கள். கல்லூரி விளையாட்டில் மூன்று மட்டங்கள் உண்டு, அதில் மேல் மட்டம் டிவிஷன் ஒன். டிவிஷன் ஒன் கோச்கள் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் ஜூன் 15-லிருந்துதான் பிள்ளையோடு சேர்க்கை பற்றிப் பேசலாம். அதற்கு முன்னால் பிள்ளை மின்னஞ்சல் அனுப்பலாம், அவர்கள் பதில் பேச முடியாது. அந்தப் பதினைந்தாம் தேதி எங்கள் வீட்டில் தேர்வு முடிவு வரும் நாள்போல இருந்தது. நள்ளிரவு தாண்டி சில நிமிடங்களில் ஒரு செய்தி வந்தது, மகள் மாடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தியின் அர்த்தம் 'உன் பெயர் எங்கள் பட்டியலில் இருக்கிறது' என்பதுதான். ஒரு கோச் ஒரே இரவில் அப்படி எத்தனையோ பேருக்கு அனுப்புகிறார்.

இந்த நேரத்தில்தான் சேர்க்கை ஆலோசகர் ஒருவர் எங்களைப் பிடித்தார். 3,000 டாலருக்கு மேல் கொடுத்தோம். அவர் செய்த வேலை, கல்லூரிக் கோச்களுக்கு ஒரே அச்சில் வார்த்த கடிதத்தை என் மகள் பெயரில் அனுப்பியது. பெயரும் மார்க்கும் மட்டும் மாறும். பின்னால் ஒரு கோச்சே போனில் மகளிடம் சொன்னார், "நீயே எழுதினால்தான் படிப்பேன், ஆலோசகர் கடிதம் பார்த்தவுடன் தெரிந்துவிடும்." அதற்குப் பிறகு அவளே எழுதினாள். எந்த ஆட்டத்தில் அந்தக் கல்லூரியின் கோல்கீப்பரைப் பார்த்தாள், அவரிடம் எதைக் கற்றுக்கொள்ள நினைக்கிறாள், அடுத்த டோர்னமென்டில் எந்த பூலில் எத்தனை மணிக்கு ஆடுகிறாள், இவ்வளவுதான். பதில்கள் வர ஆரம்பித்தன. வீடியோவுக்கும் காசு கொடுக்க வேண்டாம். கோல்கீப்பருக்கு இசை போட்டு வெட்டி ஒட்டிய வீடியோவைவிட, முழு ஆட்டத்தை ஒரே கோணத்தில் எடுத்ததைத்தான் கோச்கள் கேட்டார்கள். கோல் விழுந்த பிறகு பெண் எப்படி நடந்துகொள்கிறாள், தடுப்பாளர்களுக்குக் குரல் கொடுக்கிறாளா என்று பார்க்கிறார்கள். ஒரு ட்ரைபாட், ஒரு போன், அவ்வளவு போதும்.

இப்போது ஸ்காலர்ஷிப் கணக்குக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் யாராவது இதை எனக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டியிருந்தால் எத்தனையோ இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வருடக்கணக்கில் இருந்த விதி இது: டிவிஷன் ஒன்னில் ஆண்கள் அணிக்கு மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 8. இருபதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் அணிக்கு இவ்வளவுதான், அதையும் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். முழுசாக நிரப்பும் வசதி எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. பிரின்ஸ்டன், ஹார்வர்டு, பிரவுன் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே இல்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. டிவிஷன் மூன்றிலும் அப்படியே. நாடு முழுவதும் எல்லா டிவிஷனும் சேர்த்துப் பெண்கள் அணிகள் சுமார் 60, ஆண்கள் அணிகள் சுமார் 50. ஒரு அணிக்கு இரண்டு மூன்று கோல்கீப்பர்கள், அதில் ஒரு வருடத்துக்கு ஒரு புது ஆள் எடுத்தால் பெரிது. 2001-ல் பெண்களுக்கான தேசியக் கல்லூரிப் போட்டி தொடங்கியதிலிருந்து 2025 வரை கோப்பை வாங்கியவை ஸ்டான்ஃபோர்டு, யூசிஎல்ஏ, யூஎஸ்சி மூன்றும்தான். அந்த மூன்றின் கதவுக்கு முன்னால் கலிபோர்னியா மட்டுமல்லாமல் ஹங்கேரி, ஸ்பெயின், ஆஸ்திரேலியாப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். கலிபோர்னியா அரசுப் பல்கலையில் வருடச் செலவு 40,000 டாலரைத் தாண்டுகிறது. அதில் கால் பங்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் நாங்கள் ஆட்டத்துக்குக் கொட்டியது திரும்பி வர பல வருடம் ஆகும்.

2024 வசந்தத்தில், பதினோராம் வகுப்பில், தெற்கே ஒரு டோர்னமென்ட். இரண்டாம் நாள் காலை ஆட்டம். எதிரணிப் பெண் கோலுக்கு மிகப் பக்கத்திலிருந்து அடித்த பந்து ஒரு தடுப்பாளரின் கையில் உரசித் திசை மாறி என் மகளின் நெற்றிப் பொட்டில் பட்டது. பந்து 400 கிராமுக்கு மேல் எடை, நனைந்தது. அவள் தலை பின்னால் போய் கோல் கம்பத்தில் இடித்ததா இல்லையா என்று கரையிலிருந்து எனக்குத் தெரியவில்லை. சிவப்புத் தொப்பியைச் சரிசெய்தாள், கையைத் தூக்கிக் கட்டைவிரல் காட்டினாள். கோச் அங்கிருந்தே தலையாட்டினார். ஆட்டம் தொடர்ந்தது. அவள் மீதி ஆட்டம் முழுவதும் ஆடினாள், அடுத்த ஆட்டமும் ஆடினாள். பார்க்க வந்திருந்த கல்லூரிக் கோச்கள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், அதனால் அவள் வெளியே வரமாட்டாள் என்று எனக்கே தெரியும்.

திரும்பி வரும் வழியில், ஐ-5 நெடுஞ்சாலையில் கெட்டில்மன் சிட்டிக்குப் பக்கத்தில், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று பார்க்காவை, நீச்சல் பிள்ளைகள் போடும் அந்த நீளக் கோட்டை, முகத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. "அம்மா, முதல் ஆட்டத்துல நாம ஜெயிச்சோமா?" என்று கேட்டாள். அவள் ஆடிய ஆட்டம். என் கணவர் வண்டியை ஓரம் கட்டினார். அந்த நேரத்து பயத்தை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நேராக எமர்ஜென்சிக்குப் போனோம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, கன்கஷன், அதாவது அடியால் மூளை அதிர்ந்து வரும் பாதிப்பு, என்று எழுதிக் கொடுத்தார்கள். காப்பீடு போக அந்த இரவுக்கு மட்டும் 1,100 டாலர் கட்டினோம்.

கலிபோர்னியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து தேடிய பிறகே தெரிந்தது. 2017-லிருந்து, பள்ளிக்கு வெளியே நடக்கும் இளையோர் விளையாட்டு அமைப்புகளுக்கும் அது பொருந்தும். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே அந்த நாள் முழுவதும் பிள்ளையை வெளியே உட்கார வைக்க வேண்டும். மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்ப இறக்கக் கூடாது. கன்கஷன் என்று உறுதியானால் படிப்படியாகத் திரும்புவதற்குக் குறைந்தது ஏழு நாள். எங்கள் கிளப் வருட ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கிய காகிதக் கட்டில் இந்த விவரத் தாளும் இருந்தது. கரையில் யாரும் அதை நினைக்கவில்லை. எனக்கு வந்த கோபம் வார்த்தைக்குள் அடங்காது. கரையில் இருக்கும் பெற்றோருக்கு அதிகாரம் உண்டு, இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். உங்கள் பிள்ளை, நீங்கள் எழுந்து போய் வெளியே கூப்பிடலாம். கட்டைவிரல் காட்டினால் போதாது. இன்று என்ன கிழமை, ஸ்கோர் என்ன, முந்தின கோல் யார் போட்டது என்று அவளிடமே கேளுங்கள்.

இது அபூர்வமாக நடக்கும் விபத்து என்றுதான் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். கலிபோர்னியா பல்கலையின் இர்வைன் வளாக ஆராய்ச்சியாளர்கள் தேசிய சங்க உறுப்பினர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். பதில் சொன்னவர்களில் 36 சதவீதம் பேர் ஆட்டத்தில் ஒரு முறையாவது கன்கஷன் பட்டதாகச் சொன்னார்கள். கோல்கீப்பர்களில் அது 47 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேர். கோல்கீப்பர்கள் பயிற்சியில் வாங்கும் அடியும் இருக்கிறது. வரிசையாக நின்று ஷாட் அடிக்கும்போது முதல் பந்தைத் தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தவள் அடித்துவிடுகிறாள். கோல்கீப்பர் கண்ணைப் பார்த்த பிறகுதான் அடுத்த பந்து என்று கோச்சிடம் விதி போடச் சொல்லுங்கள். நல்ல கோச் உடனே ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான். சீசனுக்கு முன்னால் பேஸ்லைன் டெஸ்ட் என்று கணினியில் நினைவாற்றல், கவனம், வேகம் பார்க்கும் சோதனை உண்டு. பல ஹைஸ்கூல்களில் எடுப்பார்கள், வெளியே எடுத்தாலும் செலவு அதிகம் இல்லை. அடிபட்ட பிறகு குணமாகிவிட்டதா என்று பார்க்க மருத்துவர் அதோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த வாரங்கள் நீளமாக இருந்தன. அறையில் திரை போட்டுப் படுத்திருப்பாள். போன் பார்க்க முடியாது, புத்தகத்தில் இரண்டு பக்கம் தாண்டினால் தலைவலி. மே மாதம் ஏபி தேர்வுகள் (ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகள்), பதினோராம் வகுப்பு மார்க்தான் கல்லூரிக்கு முக்கியம். உடம்பு முடியாத மாணவர்களுக்கான 504 திட்டம் என்று பள்ளியில் கேட்டால் கூடுதல் நேரம், குறைந்த வீட்டுப்பாடம், அச்சில் பாடம் எல்லாம் தருவார்கள். பள்ளி ஆலோசகர் தானாகச் சொல்லவில்லை, மருத்துவமனையில் ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. மருத்துவரின் கடிதத்தோடு முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள். தலைசுற்றல் நிற்காமல் இருந்ததால் உடம்பின் சமநிலையைச் சரிசெய்யும் வெஸ்டிபுலர் தெரபிக்குப் போனோம். கண்ணையும் தலையையும் தனித்தனியாக அசைக்கும் சின்னச் சின்னப் பயிற்சிகள். அது நன்றாக உதவியது. குழந்தைகளுக்கான ஸ்போர்ட்ஸ் மெடிசின் கிளினிக்கில் முதல் சந்திப்புக்கே காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தில் இருக்கும் பிள்ளை என்றால் அடிபடுவதற்கு முன்பே ஒரு முறை போய்ப் பதிவு செய்து வைப்பது நல்லது.

அந்த மே மாதம் இன்னொன்றும் நடந்தது. மேகி ஸ்டெஃபன்ஸ் இன்ஸ்டாகிராமில் எழுதியிருந்தார். தன் அணியில் பல பேர் ஆட்டத்தைத் தொடர இரண்டாவது, மூன்றாவது வேலை பார்க்கிறார்கள் என்று. அதைப் பார்த்த ராப் பாடகர் ஃப்ளேவர் ஃப்ளாவ் அணிக்கு ஸ்பான்சராக வந்தார். எல்லாரும் அந்த நல்ல செய்தியைப் பகிர்ந்தார்கள். நான் சமையலறையில் நின்று முதல் பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணியின் நிலை இது. தங்கம் வாங்கினால் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஒருவருக்கு 37,500 டாலர் தருகிறது, அதுவும் நான்கு வருடத்துக்கு ஒரு முறை. அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடிப் பிழைக்க ஒரு லீக் இல்லை. தொடர்ந்து ஆட வேண்டுமென்றால் கிரீஸ், இத்தாலி, ஹங்கேரி, ஸ்பெயின் கிளப்களுக்குப் போக வேண்டும். ஆண்களில் டோனி அசெவேடோ ஐந்து ஒலிம்பிக் ஆடியவர், அமெரிக்க வாட்டர் போலோவில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. அவரும் இத்தாலி, குரோஷியா, மாண்டினீக்ரோ என்று போய்த்தான் ஆடினார். நான்கு வயதில் விழுந்து மூச்சுக்குழாய் அறுபட்டு, விளையாட்டெல்லாம் இனி முடியாது என்று கேட்ட குழந்தை அவர். அப்படிப்பட்டவருக்கே இந்த வாழ்க்கைதான் கிடைத்தது என்றால், கல்லூரி முடிந்த பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதில் சம்பாத்தியம் இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

கிழக்குக் கடற்கரைக் கல்லூரி ஒன்றின் கோச் அதற்கு முன்பே வாய்மொழியாக இடம் தருவதாகச் சொல்லியிருந்தார், கொஞ்சம் ஸ்காலர்ஷிப்போடு. கன்கஷன் விஷயத்தை மகள் மறைக்கவில்லை, அவளே எழுதிச் சொன்னாள். முதலில் அன்பாகப் பதில் வந்தது. அப்புறம் இடைவெளி நீண்டது. இலையுதிர் காலத்தில் வந்த மின்னஞ்சலில், 2025-26 முதல் அணிகளுக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு வரப்போவதால் புது கோல்கீப்பர் எடுக்க முடியாத நிலை என்று இருந்தது. அது காரணத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம். கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய பெரிய வழக்கு 2025 ஜூனில் சமரசமாக முடிந்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளில் பழைய ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. ஓரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இடம் போனது அந்த வருடம் நிறைய நடந்தது. மகள் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, ஜான்சன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மடிக்காமல் டிராயரில் வைத்தாள். அன்று அவள் அழவில்லை, நான்தான் குளியலறையில் போய் அழுதேன்.

வாய்மொழி வாக்கு இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. முன்பெல்லாம் இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று பிள்ளை கையெழுத்திடும் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒன்று இருந்தது, அதையும் 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரி கையெழுத்திட்டுத் தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் கணக்கு. அதனால் கோச்சோடு போனில் பேசும்போது பிள்ளை கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. என் இடத்தில் இப்போது எத்தனை பேர், எந்த வருடம் முடிக்கிறார்கள்? இந்த உதவித்தொகை ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? காயம்பட்டால் தொடருமா? மருத்துவச் செலவு யாருடையது? சேர்க்கை அலுவலகம் என் மார்க்கைப் பார்த்துவிட்டதா? நீங்கள் வேறு கல்லூரிக்குப் போனால் என் நிலை என்ன? கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்கவே தயங்குவார்கள். மரியாதையாகக் கேட்டால் எந்தக் கோச்சும் கோபித்துக்கொண்டதில்லை. பெற்றோர் அந்தப் போனில் பேசாமல் பக்கத்தில் குறிப்பு எடுக்கலாம், அழைப்பு முடிந்ததும் நன்றி சொல்லி, பேசியதைச் சுருக்கி மகளையே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் அது மட்டும்தான் கையில் இருக்கும்.

அந்தக் கடிதம் வருவதற்கு முன், 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்கை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம், திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து. அரையிறுதியில் அமெரிக்கப் பெண்கள் ஆஸ்திரேலியாவிடம் பெனால்டியில் தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்து கடைசி நொடியில் கோல் போட்டு 11-10 என்று ஜெயித்தது. நான்காம் இடம். ஆஷ்லி ஜான்சன் தண்ணீருக்குள்ளேயே நின்றதைப் பார்த்து மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் திரும்ப ஆடணும்மா, ஆனா கோல்ல வேண்டாம்" என்றாள். மருத்துவரும் அதைத்தான் விரும்பினார். சீக்கிரம் இன்னொரு அடி பட்டால் குணமாக இதைவிட நாளாகும் என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் கோலை விட்டு வெளியே வந்து தடுப்பாட்டம் ஆடினாள். கோல்கீப்பராக இருந்ததால் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும், கையைச் சரியான இடத்தில் தூக்குவாள். வேகம் மட்டும் பற்றவில்லை. பழைய தோள்வலி கொஞ்சம் எட்டிப் பார்த்தது, எறியும் கையின் பின்பக்கத் தசைக்கு ரப்பர் பட்டை பயிற்சியைத் தினமும் செய்ததும் அடங்கிவிட்டது. தோளுக்கு வலி வருவதற்கு முன்பிருந்தே அந்தப் பயிற்சியைச் செய்ய வைத்திருக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார், சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவள் கலிபோர்னியா அரசுப் பல்கலை ஒன்றில் பொறியியல் படிக்கிறாள். கல்லூரியை முதலில் படிப்புக்காகத் தேர்ந்தெடுத்தாள். அங்கே மாணவர்களே நடத்தும் கிளப் அணி இருக்கிறது. வருடத்துக்குச் சில நூறு டாலர், வாரத்தில் சில மாலைகள், மற்ற கல்லூரிக் கிளப்களோடு போட்டி, கடைசியில் தேசியப் போட்டியும் உண்டு. இப்படி ஒன்று இருக்கிறது என்று ஹைஸ்கூல் நான்கு வருடத்தில் எங்களிடம் ஒரு கோச்சும் சொல்லவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தேன். இடைவேளையில் பூல் கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு எக்பீட்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சேர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில், சேர்க்கலாம். முதலில் ஸ்பிளாஷ்பால் என்று சின்னப் பிள்ளைகளுக்கு ஆழம் குறைந்த பூலில் நடத்துகிறார்கள், அதில் விட்டுப் பாருங்கள். நகராட்சி நடத்தும் வகுப்பு பக்கத்தில் இருந்தால் அதுவே போதும். முதல் வருடம் ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், மாதம் மாதமாகக் கட்டும் இடமாகப் பாருங்கள். கோல்கீப்பர் இடம் காலியாக இருக்கிறது, உடனே ஆட வைக்கிறோம் என்று சொன்னால், தலைக்காயத்துக்கு அந்தக் கிளப் என்ன செய்கிறது, கரையில் யார் பொறுப்பு என்று பெயரைக் கேட்டு வாங்கிவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.